பில்மொனின் மற்றப் பெயர்

சென் ஜேம்ஸ் ரவுண்
15 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குப் பிரஷர் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் பல் எப்படி? பிடுங்கினார்களா, இன்னும் வரிசையில்தானா?

தொலைபேசியைவிடக் கடிதம் நல்லது. சிறையிலிருந்து பதினைந்து நிமிடம்தான் தருகிறார்கள். பத்து நிமிடம் அம்மா அழுவார். மீதி ஐந்தில் நீங்கள் "ஓம், ஓம்" என்பீர்கள். தாளில் இன்னும் கொஞ்சம் பேசுகிறீர்கள்.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஒரு மொழி எடுத்திருக்கிறேன். கீஸ். எதியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் ஒருகாலத்தில் பேசியது. ஹீப்ரு, அரபு ஆகியவற்றின் சொந்தக்காரி. ஆயிரம் வருடமாக வீடுகளில் யாரும் பேசுவதில்லை. தேவாலயத்தில் மட்டும் இருக்கிறது. இன்று அங்கே பேசும் திக்ரிஞா, திக்ரே, அம்ஹாரிக் மூன்றும் இதன் பிள்ளைகளா என்று கேட்டேன். "முதல் இரண்டும் மிக நெருக்கம். மூன்றாவது கொஞ்சம் தள்ளி" என்றார் பேராசிரியர். குறிப்பேட்டில் நான் எழுதியது: அம்ஹாரிக், பெறாமகள்.

கட்டடத்தில் லிஃப்ற் பழுது. பத்தொன்பது மாடி. கால்கள் உறுதியாகின்றன.

குளிருக்குத் தடித்த காலுறை அனுப்பலாமா என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
அட்சயா

*

6 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அட்சு,

உன் கடிதம் வர இரண்டு கிழமை எடுத்தது. தமிழில் இருப்பதால் யாரோ வாசித்துப் பார்க்கிறார்களாம். எங்களால் ஒருவருக்கு வேலை. பல் பிடுங்கியாயிற்று. உடம்புக்கு வேறு குறை இல்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பயந்து மேசைக்குக் கீழே ஒளித்தவள் இப்போது யாரும் பேசாத மொழி படிக்கிறாள். அப்பா, "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" என்று கேட்டிருப்பாரே. எனக்குச் சலவைப் பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது. இருநூறு பேருடைய துணி. சூடு நல்லது.

ஒன்று கேட்கிறேன். உலகத்தில் எத்தனையோ மொழி இருக்க, ஏன் இது?

நாங்கள் இதைப் பேசியதே இல்லை. எழுதிப் பார்க்கிறேன். 2023 பெப்ரவரி 12. சிவானியின் கல்யாண வீட்டில் குடித்தேன். விடியற்காலையில் நானே கார் ஓட்டினேன். ஃபிஞ்ச் வீதியில், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற ஒருவனை மோதிக் கொன்றேன். வயது இருபத்து நான்கு. பெயர் பில்மொன். தாய் எரித்திரியாவிலிருந்து வந்தவர். ஒரே பிள்ளை. இதில் எதுவும் உனக்கு மறந்திருக்காது.

தினமும், கைதிகளை எண்ணும் காலை எண்ணிக்கைக்கு அதிகாரி வருமுன் அந்தப் பெயரை ஒருமுறை சொல்கிறேன். மன்னிப்பு என்று எதையும் சேர்ப்பதில்லை. பெயர் மட்டும். அவனைப் பற்றி என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அந்தத் தாயோடு நேராகவோ வேறு ஆள் மூலமாகவோ நான் தொடர்பு கொள்ளக்கூடாது. தீர்ப்பில் இருக்கிறது. ஜூலையில் என் பரோல் விசாரணை. தெரியும்தானே.

காலுறை வெளியிலிருந்து எடுக்கமாட்டார்கள். உன் காலைப் பார்த்துக்கொள்.

அண்ணா

*

சென் ஜேம்ஸ் ரவுண்
28 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து சரிந்திருந்தது. காய்ச்சலோ?

இத்துடன் எழுத்து அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். இருபத்தாறு மெய். ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். எங்கள் க, கா, கி, கீ போலத்தான். வகுப்பில் மற்றவர்கள் திணறினார்கள். எனக்குத் தமிழ்ப் பள்ளிக் கிளடிஸ் ரீச்சர் கரும்பலகையில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டது ஞாபகம் வந்தது. திக்ரிஞாவுக்கும் இதே எழுத்து. உங்களுக்குப் பொழுது போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேவாலயத்துக்குப் போகிறேன். கேட்டுப் பழக. சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். அதற்கு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பெண்கள் தலையில் வெள்ளைச் சால்வை. மூன்று மணித்தியாலம் நிற்கிறார்கள். முன்னால் கீஸில் ஓதுகிறார்கள். பின்னால் நிற்பவர்களுக்குப் பாதி விளங்குகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ஐயருக்கு விளங்கினால் காணும். எங்களுக்கு என்னத்துக்கு?" என்றார்.

இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

அட்சயா

*

17 நவம்பர் 2024

அன்புள்ள அட்சு,

சுகம். காய்ச்சல் இல்லை. கட்டிலில் வைத்து எழுதினேன், அதனால் சரிந்தது.

அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து அறைக் கிளிபோட் வந்து பார்த்தான். "என்ன உது, டான்ஸ் ஆடுற ஆக்களோ?" என்றான். இப்போது அவனும் தன் பெயரைத் தேடுகிறான். நான் என் பெயரை எழுதிவிட்டேன். கடைசி 'ன்'னுக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

எந்தத் தேவாலயம், அட்சு? பெயரை மட்டும் எழுது.

அண்ணா

*

சென் ஜேம்ஸ் ரவுண்
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கலுக்குக்கூட எழுதவில்லை. எல்லோரும் சுகம். நான் சுகம். நான்கு தடவை தொடங்கிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அதே தேவாலயம்தான்.

நீதிமன்றத்தில் அந்தத் தாய் சார்பில் வாசித்த தாளில் அதன் பெயர் இருந்தது. குறித்து வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. பிறகு மொழியை எடுத்தேன். மொழி படிக்கும் மாணவி என்றால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தூரத்தில் நின்று அவரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு அவரே பக்கத்தில் வந்து நின்றார். தலையில் என் சால்வை நழுவியிருந்தது. இழுத்துச் சரிசெய்தார். தீர்ப்பு நாளில் நான் மாஸ்க் போட்டுப் பின் வரிசையில் இருந்தவள். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

பெயர் அப்ரெஹெத். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. நாங்கள் ஆங்கிலத்தில் பேசுகிறோம். எனக்கு அது வீட்டுத் தமிழாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நீ படிக்கிற பிள்ளை. முன்னாலை என்ன சொல்லுகினம்?" என்று கேட்டார். "முப்பது வருஷமா விளங்கின மாதிரி நிண்டிட்டன். இனிப் போய் சுவாமியாரிட்டைக் கேக்கிறதோ?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வரியாக, மெல்லிய குரலில், அவர் காதுக்குச் சொல்கிறேன். சில சொற்களில் என்னை முந்திவிடுவார். புத்தகத்தில் நெஃப்ஸ், ஆத்மா. அவர் வீட்டில் நெஃப்சி. மகனைப் பற்றி அவரே சொன்னார். எனக்கு நின்ற இடம் மறந்தது.

இன்னும் ஒன்று. இறந்தவர்களுக்கான ஜெபத்தில் பெயர்களை வாசிக்கிறார்கள். பில்மொன் என்ற பெயர் வரவில்லை. கேட்டேன். ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு வேறொரு பெயர் வைப்பார்களாம், கீஸில். ஜெபத்துக்கு அதுதான். வீட்டாருக்கும் குருவுக்கும் மட்டும் தெரியும், வெளியாருக்குச் சொல்வதில்லை. "அந்த வரிசையிலை அவனும் நிக்கிறான். எது எண்டு சொல்லமாட்டன்," என்றார்.

நீங்கள் காலையில் சொல்வது வெளிப்பெயர், அண்ணா. இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

12 வேலைநாள் என்பதால் பெப்ரவரி 15, சனிக்கிழமை, இரண்டாம் ஆண்டு நினைவு. ஜெபம், பிறகு சாப்பாடு. பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை.

கோபப்படாமல் எழுதுங்கள்.

அட்சயா

*

4 பெப்ரவரி 2025

அட்சயா,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப்போவதில்லை.

என் விசாரணை கெட்டுவிடும் என்று நான் கத்தப்போவதாக நினைத்திருப்பாய். கெட்டால் கெடட்டும். அந்தப் பெண்ணிடமிருந்து ஒருமுறை நான் கேட்காமல் எடுத்தேன். இப்போது நீ எடுக்கிறாய். அவர் உன் சால்வையைச் சரிசெய்கிறார். யாருடைய தங்கையின் சால்வை என்று தெரியாமல்.

போகாதே. போவதென்றால் யார் என்று சொல்லு. எனக்காக எதையும் ஒளிக்காதே.

இரண்டு வருடமாக ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன், அது வேறு வீட்டுக் கதவு என்கிறாய். அதற்கு இன்னும் கோபம் வரவில்லை. வரும்.

ராகுலன்

*

சென் ஜேம்ஸ் ரவுண்
17 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் 14ஆம் தேதி வந்தது. நலம் விசாரிக்காவிட்டாலும் நலம்தான்.

போனேன். சொல்லத்தான் போனேன்.

பெயர் வரிசை வந்தபோது அவர் என் முழங்கையைப் பிடித்தார். பதினொரு பெயர். எந்தப் பெயரிலும் பிடி இறுகவில்லை. இறுகாமல் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "ஆண்டவரே, இந்த ஆத்மாக்களுக்கு இளைப்பாற்றி கொடும்," என்று காதுக்குச் சொன்னேன். "உந்தக் கீஸ் சொல் எனக்கு விளங்கும்," என்றார். "இளைப்பாறுறதுக்கு எங்கடை சொல்லும் உதுதான். பள்ளிக்கூட லீவுக்கும் உதைத்தான் சொல்லுவம். லீவு எண்டால் அவன் ஆசையிலை செத்துப்போவான்." சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே கேட்டது. இருவரும் நிமிர்ந்து நின்றோம்.

பிறகு கீழ் மண்டபத்தில் சாப்பாடு. அவர் எனக்குப் பரிமாறினார். சாப்பிட்டேன். கை கழுவினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்தேன். செத்தவீட்டில் "போட்டு வாறன்" சொல்லக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகியது. கால்கள் தாமாகவே நடந்தன.

கார்த் தரிப்பிடத்தில் பின்னால் கூப்பிட்டார். வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்திருந்தார். கையில் ஒரு பொதி.

"கள்ளி மாதிரி ஏன் போறாய்?"

நான் நின்றேன்.

"எங்கடை ஆக்கள் வெளிக்கிடேக்கை ஒரு வார்த்தை சொல்லுவினம். கடவுள் உனக்குப் பலம் தரட்டும் எண்டு. அதுக்குத்தானே ஆக்களைக் கூப்பிடுறது? நீ மூண்டு மணித்தியாலம் பக்கத்திலை நிண்டிட்டு ஒண்டும் சொல்லாமல் போறாய்."

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சாவு நடந்த வீட்டில் போய் வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். அதனால் சொல்லாமல்தான் போவோம். அதுதான் மரியாதை.

"எந்த நாட்டிலை?"

"சிலோன். தமிழாக்கள்."

செருப்பில் ஒட்டிய பனியை உதறினார். "தீர்ப்பு அண்டு கோட்டிலை ஒரு தாய் இருந்தா. எல்லாம் முடிஞ்சு போகேக்கை என்னைக் கடந்து போனா. இவ்வளவு கிட்ட. ஒரு சொல் சொல்லேல்லை. ஒரு வருஷமா நான் அவவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறன், கார் ஓடினவன்ரை முகம்கூட மறந்துபோச்சு. அவவும் உந்த வழக்கத்தாலையோ?"

"அது என்ரை அம்மா," என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், அண்ணா. யோசித்து வைத்த எந்த வசனமும் வரவில்லை.

பிறகு, "பாதி வழக்கம். பாதி வெக்கம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பொதியை என் கையில் வைத்தார். திரும்பி உள்ளே போனார். ஒன்றும் சொல்லவில்லை.

அட்சயா

*

2 மார்ச் 2025

அன்புள்ள அட்சு,

சுகமா? நான் சுகம். உன்னிடம் கடுமையாக எழுதியதற்குக் குறைபடாதே.

என் கேஸ் அதிகாரியிடம் நானே சொன்னேன். உன் கடிதங்களையும் காட்டினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். விசாரணை தள்ளிப்போகலாம் என்றார். "கடிதம் வாசிப்பவர் எதையும் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது," என்றும் சொன்னார். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை.

பில்மொன் என்று இப்போதும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த கதவு அதுதான்.

பொதியில் என்ன இருந்தது? அதை நீ எழுதவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?

அண்ணா

*

அஜின்கோர்ட்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

அம்மா எழுதுறன். நல்லாய்ச் சாப்பிடுறியோ? நான் உனக்கு எழுதுறது இதுதான் முதல்தரம். ஃபோனிலை அழுகைதான் வருது, அதாலை எழுதுறன். பிழை இருந்தால் குறை நினையாதை.

அட்சு எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டாள். அடிக்கத்தான் நினைச்சன். பிறகு உன்ரை கேஸ் அதிகாரி ஃபோன் எடுத்தவர். அந்தத் தாய், உன்ரை அம்மாவைப் பாக்கவேணும் எண்டு தானாய்க் கேட்டவவாம். தங்கடை விரதம் முடியட்டும் எண்டும் சொன்னவவாம். அம்பத்தஞ்சு நாள் விரதம் பிடிக்கிறவை, மகன். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. எங்கடை கந்தசட்டி ஆறு நாளுக்கே நான் படுற பாடு.

நேற்று அவவின்ரை வீட்டை போனனாங்கள். அப்பாதான் கார் ஓடினவர். உள்ளுக்கு வரேல்லை, காரிலை இருந்திட்டார். ஆனால் வழி முழுக்க ரேடியோவைப் போடேல்லை. வெறுங்கையோடை போகேலாது எண்டு தட்டைவடை சுட்டுக்கொண்டு போனன். அவ ஒண்டைக் கடிச்சுப்போட்டு, "காரம்," எண்டா. பிறகு இன்னொண்டு எடுத்தா.

கோப்பிக் கொட்டையை எங்களுக்கு முன்னாலை வறுத்து, மூண்டு தரம் ஊத்தித் தந்தவ. முதல் கோப்பைக்கு ஒருத்தரும் கதைக்கேல்லை. ரெண்டாம் கோப்பைக்கு அவ தன்ரை பிள்ளையின்ரை படம் காட்டினா. நான் உன்ரை படம் கொண்டுபோகேல்லை. அவ உன்னைப்பற்றிக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. மூண்டாவதுக்கு நான் சொன்னன், கோட்டிலை நான் உங்களைக் கடந்து போனது பிழை எண்டு. வழக்கம் எண்டு சொல்லித் தப்பேல்லை. அட்சு அதை இங்கிலிசிலை சொன்னாள். அவ தலையை ஆட்டினா.

வெளிக்கிடேக்கை யோசிச்சன், சொல்லுறதோ விடுறதோ எண்டு. ரெண்டு வருஷம் ஆகுது, சாவுத் துடக்கு எல்லாம் கழிஞ்சுது. வாசலிலை நிண்டு, "போட்டு வாறன்," எண்டன். தமிழிலைதான். அவ அட்சுவைப் பாத்தா. அட்சு சொன்னாள். அவ சொன்னதைக் கேட்டு, "வரட்டாம்," எண்டு எனக்குச் சொன்னாள்.

ரெண்டு நேரமும் சாப்பிடு. ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு படு.

அன்புடன்
அம்மா ஜெயமலர்

*

சென் ஜேம்ஸ் ரவுண்
11 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? விசாரணை ஒக்ரோபருக்குப் போய்விட்டது என்று அதிகாரி சொன்னார். என்னால்தான். நீங்கள் வீட்டுக்கு வரும் நாள் தள்ளிப்போகிறது. இதை மாற்றி எழுத வழி தெரியவில்லை.

பொதியில் பருப்பும் புளித்த ரொட்டியும். அன்று லிஃப்றுக்கு நிற்கும்போதே முழுக்கச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை.

மறுபடி ஞாயிறுகளில் போகிறேன். இப்போது யார் என்று தெரிந்து. அப்ரெஹெத் அன்ரி மற்றப் பெண்களுக்கு என்னைத் திக்ரிஞாவில் வேகமாக அறிமுகப்படுத்தினார். ஒருவர் எழுந்து தள்ளிப்போய் நின்றார். மற்றவர்கள் போகவில்லை.

போன கிழமை திடீரென்று கேட்டார். "அவனுக்கு எங்கடை எழுத்து வாசிக்கத் தெரியுமோ?" அட்டவணையைப் பற்றி முன்பு சொல்லியிருந்தேன். "எழுத்துக்கூட்டுவார்," என்றேன். "எழுத்துக்கூட்டினால் காணும்," என்றார். அதிகாரியின் முகவரியைக் கேட்டு வாங்கினார்.

என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

சோதனைகள் முடிந்தன. கீஸில் நல்ல புள்ளி. அப்பா, "சரி, பாஸ்தானே," என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒக்ரோபரில் எந்தத் தேதி என்று கேட்டார்.

உங்கள்
அட்சயா

*

8 ஜூன் 2025

அன்புள்ள அட்சு,

நீ, அம்மா, அப்பா சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். ஒக்ரோபர் பெரிய தூரமில்லை. அப்பாவுக்குத் தேதியைச் சொல்லு: பதினாறு.

வியாழக்கிழமை அதிகாரி கூப்பிட்டு ஒரு உறை தந்தார். வெளியே முத்திரை, அனுமதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. உள்ளே கடிதம் இல்லை. கோடு போட்ட தாளில் பாதி. நடுவில் ஒரே ஒரு வரி. கறுப்புப் பேனை. அமர்த்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

"உது என்ன எண்டு உமக்குத் தெரியுமோ?" என்ற மாதிரி அதிகாரி பார்த்தார். ஒரு பெயர் என்றேன்.

அறைக்கு வந்து அட்டவணைக்கு முன்னால் நின்றேன். கிளிபோட்டும் வந்தான். ஒவ்வொரு எழுத்தாக வரிசையில் தேடினோம். இரண்டாவது எழுத்தை அவன்தான் கண்டுபிடித்தான். மூன்றாவதுக்குப் பிறகு அவனை வெளியே போகச் சொன்னேன். "ஏன்ராப்பா, நான் என்ன செய்தனான்?" என்றான். பிறகு விளங்கியிருக்க வேண்டும். போனான்.

மீதியை நான் தனியாகக் கூட்டினேன். சலவைக்கு மணி அடிக்கும்வரை எடுத்தது.

அட்சு, அது என்ன பெயர் என்று நீ கேட்கமாட்டாய். தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டாருக்கும் குருவுக்கும் மட்டும், வெளியாருக்குச் சொல்வதில்லை என்று நீதான் எழுதினாய். அதனால் உனக்கும் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே நிற்கும்போது அந்த வரிசையில் அதுவும் வரும். உனக்கு எது என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று காலை, எண்ணிக்கைக்கு அதிகாரி வருமுன், அதைச் சொன்னேன். மூன்றாவது எழுத்தில் தடக்கியது. திரும்பச் சொன்னேன்.

அன்ரியிடம் நான் ஒன்றும் சொல்லி அனுப்பக்கூடாது. நீயும் ஒன்றும் சொல்லாதே. கேட்டால் மட்டும் சொல்லு: வாசித்துவிட்டான்.

அண்ணா